மாடிப்படிக்கு ஒரு நாற்காலி: ஸ்டேர்லிஃப்ட் வாங்கும் முன் என்னென்ன பார்க்கணும்?

உங்க வீட்டு மாடிப்படியில் எத்தனை படிகள் இருக்கு? யோசிக்காமல் சொல்ல முடியுதா? நமக்கு அந்தக் கணக்கு தேவைப்படுவதே இல்லை. வீட்டில் இருக்கும் பெரியவங்களைக் கேட்டுப் பாருங்க, டக்குன்னு சொல்லிடுவாங்க. ஒவ்வொரு படியையும் எண்ணித்தான் அவங்க ஏறி இறங்குறாங்க.

எங்க அப்பாயி வீட்டில் 18 படிகள். திருச்சி உறையூரில் மாடியில் குடியிருக்காங்க. கீழ் வீட்டை வாடகைக்கு விட்டிருக்கு. மூட்டு தேய்ந்த பிறகு கீழே இறங்குவது மெல்ல மெல்லக் குறைந்து, ஒரு கட்டத்தில் நின்றே போனது. வெள்ளிக்கிழமை தவறாமல் வெக்காளியம்மன் கோயிலுக்குப் போனவங்க, எட்டு மாசம் தெருவையே பார்க்கவில்லை. வீட்டில் யாரும் அவங்களைப் போகாதேன்னு சொல்லவில்லை. படிதான் தடுத்தது.

அப்பா போனில் ஒரு விற்பனையாளரிடம் பேசினார். “நேர் படிதானே சார், அட்வான்ஸ் போட்டு விடுங்க, சீக்கிரமா மாட்டிடலாம்” என்றார் அவர். பணம் அனுப்பப் போகும் நேரத்தில் அத்தை ஒரு கேள்வி கேட்டாங்க: “படி நடுவுல திரும்புதே அண்ணே, நாற்காலி எப்படித் திரும்பும்?”

அந்த ஒரு கேள்வியில் பணம் தப்பியது. அதற்குப் பிறகு விசாரித்து, அளந்து, பார்த்துத் தெரிந்துகொண்ட விஷயங்களை உங்களுக்காக இங்கே தொகுத்திருக்கிறேன். இதே முடிவை எடுக்க வேண்டிய இடத்தில் நீங்கள் இருந்தால், அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் ஒரு முறை முழுசாகப் படிச்சிடுங்க.

ஸ்டேர்லிஃப்ட் என்பது என்ன?

படிக்கட்டு ஓரமாக ஒரு ரெயில். அந்த ரெயிலில் மோட்டாருடன் ஒரு நாற்காலி. உட்கார்ந்து பெல்ட் போட்டு, கைப்பிடியில் இருக்கும் பொத்தானை அழுத்திப் பிடித்தால் நாற்காலி மெதுவாக ஏறும். கையை எடுத்தால் நின்றுவிடும். அவ்வளவுதான்.

பலரும் நினைப்பது போல இந்த ரெயிலைச் சுவரில் மாட்டுவதில்லை. பெரும்பாலான மாடல்களில் சிறிய தாங்கிகள் வைத்து, படிகளின் மேல்தான் பதிக்கிறார்கள். அதனால் சுவர் பலமாக இல்லையே என்று பயப்பட வேண்டாம். படி பலமாக இருக்கா என்பதுதான் கேள்வி.

வேகம் மிகக் குறைவு. இதற்கான ஐரோப்பியத் தரநிலை இஎன் 81-40. அதன்படி நொடிக்கு 0.15 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 15 படிகள் கொண்ட மாடிப்படியின் சரிவு நீளம் சுமார் நாலரை மீட்டர். நொடிக்கு 0.1 மீட்டர் வேகத்தில் போனால் 45 நொடியில் மேலே போய்விடலாம். ‘இவ்வளவு மெதுவாவா?’ என்று நமக்குத் தோணும். மூட்டு வலியோடு, ஒவ்வொரு படியிலும் நின்று நின்று ஏறுபவருக்கு இது வேகம்தான்.

முதலில் அளக்க வேண்டியது படியை அல்ல, ஆளை

எந்த மாடல், என்ன விலை என்று தேடுவதற்கு முன், உட்காரப் போகிறவரிடம் உட்கார்ந்து பேசுங்க. அவருக்குத் தெரியாமல் ஆர்டர் கொடுத்துவிட்டு ‘சர்ப்ரைஸ்’ என்று கொண்டுவந்து மாட்ட வேண்டிய பொருள் அல்ல இது. கீழே உள்ள கேள்விகளுக்குப் பதில் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

* கை வைத்த நாற்காலியில் இருந்து தானாக எழுந்திருக்க முடியுமா? ஸ்டேர்லிஃப்ட் படியைத்தான் கடக்க வைக்கும். உட்காருவதும் எழுவதும் அவர் வேலை. ஒவ்வொரு முறையும் ஒருவர் தூக்கிவிட வேண்டும் என்றால், கூட ஆள் இருக்கும் நேரத்தில் மட்டுமே பயன்படும்.
* முழங்கால் எவ்வளவு மடங்கும்? மடக்கி உட்காரவே முடியாதவர்களுக்கு, பாதி நின்றபடி சாய்ந்துகொள்ளும் வகை இருக்கு. ஆனால் அதற்குக் கால்களில் ஓரளவு பலமும், தலைக்கு மேல் கூடுதல் உயரமும் வேண்டும்.
* எந்தக் கை நல்லா வேலை செய்யும்? பக்கவாதம் வந்தவருக்குப் பொத்தான் பலமுள்ள கைப்பக்கம் இருக்கணும். விரல்கள் விறைத்துப் போகிறவருக்குச் சின்னப் பொத்தானை முக்கால் நிமிஷம் அழுத்திப் பிடிப்பதே வேதனை. லேசாகத் தள்ளினால் போதும் என்கிற பெரிய லீவர் இருக்கான்னு கேளுங்க.
* தலைசுற்றல், மயக்கம், வலிப்பு உண்டா? மறதி நோய் இருக்கா? பாதி வழியில் பெல்ட்டைக் கழற்றி எழுந்துவிடும் வாய்ப்பு இருந்தால், மருத்துவரிடம் பேசாமல் முடிவெடுக்காதீங்க.
* எடை எவ்வளவு? மாடலைப் பொறுத்துச் சுமார் 120 முதல் 160 கிலோ வரை தாங்கும். உங்க மாடலின் அளவை எழுத்தில் வாங்கிக்கோங்க.
* வீல்சேரில் இருப்பவரா? அப்படியானால் மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு வீல்சேர் வேண்டும். வீல்சேரோடு அப்படியே ஏற வேண்டும் என்றால், அதற்குப் பலகை வைத்த வேறு வகைக் கருவி. அதற்கு இன்னும் அகலமான படி தேவை.

இந்தக் கேள்விகளுக்கு ஒரு பிசியோதெரபிஸ்ட் உங்களைவிடத் தெளிவாகப் பதில் சொல்வார். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் பிசியோதெரபி பிரிவு உண்டு. 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், நடமாட முடியாதவர்களுக்கு வீட்டுக்கே வந்து பிசியோதெரபி சிகிச்சை தருகிறார்கள். அப்படி வருபவரிடம் மாடிப்படியையும் ஒரு முறை காட்டி, ‘இவங்களுக்கு இது சரிப்படுமா?’ என்று கேளுங்க. சென்னையில் இருப்பவர்களுக்கு கிண்டியில் 2024-இல் திறக்கப்பட்ட தேசிய முதியோர் நல மருத்துவமனையும் இருக்கு.

அப்பாயியிடம் நாங்கள் கேட்டபோதுதான் ஒரு உண்மை தெரிந்தது. ஏறுவது அவங்களுக்கு வலி, இறங்குவது பயம். “மேல் படியில நின்னு கீழ பாத்தா, யாரோ பின்னாடி இருந்து தள்ளுற மாதிரி இருக்கு கண்ணு” என்றாங்க. அதுவரை நாங்கள் எல்லோரும் முட்டியைப் பற்றி மட்டுமே பேசிக்கொண்டிருந்தோம். பிறகு எங்கள் தேர்வையே மாற்றியது இந்தப் பதில்தான். எப்படி என்று கடைசியில் சொல்கிறேன்.

உங்க மாடிப்படி எந்த வகை?

விலை, காத்திருக்கும் காலம், பின்னால் விற்க முடியுமா என எல்லாமே இந்த ஒரு விஷயத்தைப் பொறுத்துத்தான்.

நேர் படி: கீழிருந்து மேல் வரை திரும்பாமல் போகும் படிக்கட்டு. இதற்கான ரெயில் நீளமாக வரும். உங்க படிக்கு ஏற்ப வெட்டிப் பொருத்துவார்கள். மாட்டும் வேலை பெரும்பாலும் ஒரே நாளில் முடிந்துவிடும். பின்னால் கழற்றி இன்னொரு நேர் படியில் பொருத்தவும் வாய்ப்பு உண்டு.

திரும்பும் படி: பாதி ஏறி, மேஸ்திரிகள் ‘லேண்டிங்’ என்று சொல்லும் நடு மேடையில் திரும்பி, மறுபடி ஏறும் படிக்கட்டு. நம்ம ஊர் வீடுகளில் இதுதான் அதிகம். இதற்கு இரண்டு வழி இருக்கு.

ஒன்று, வளைவு ரெயில். உங்க படிக்கட்டை அளந்து, அதற்கென்றே வளைத்துச் செய்வது. கீழே உட்கார்ந்தால் மேலே போய்த்தான் எழ வேண்டும். நடுவில் மாற வேண்டியதில்லை. ஆனால் விலை நேர் ரெயிலைப் போல இரண்டு மூன்று மடங்கு ஆகும். செய்து வரவும் நாளாகும். அந்த ரெயில் வேறு வீட்டுக்குப் பொருந்தாது.

இரண்டு, இரண்டு நேர் லிஃப்ட். கீழ்ப் பாதிக்கு ஒன்று, மேல் பாதிக்கு ஒன்று. செலவு குறையலாம். ஆனால் லேண்டிங்கில் இறங்கி, இரண்டு அடி நடந்து, அடுத்த நாற்காலியில் உட்கார வேண்டும். படிக்கு நடுவில், அகலம் குறைந்த இடத்தில் இதைத் தனியாகச் செய்ய முடியுமா என்பதை அவரையே செய்து பார்க்கச் சொல்லி, பக்கத்தில் நின்று பாருங்க.

சுழல் படி, முக்கோணப் படிகள் உள்ள திருப்பம், பழைய வீடுகளின் செங்குத்தான மரப்படி என்றால், நேரில் வந்து அளக்காமல் யார் விலை சொன்னாலும் நம்பாதீங்க.

டேப்பும் செல்போனும் போதும்

விற்பனையாளர் வருவதற்கு முன் நீங்களே ஒரு முறை அளந்து வைத்துக்கொண்டால், அவர் சொல்வது சரியா என்று உங்களுக்கே புரியும். அரை மணி நேர வேலை.

1. படிகளின் எண்ணிக்கை. லேண்டிங் இருந்தால் அதற்குக் கீழே எத்தனை, மேலே எத்தனை என்று தனித்தனியாக.
2. மிகக் குறுகலான இடத்தில் படியின் அகலம். கைப்பிடிக் கம்பி, ஜன்னல் விளிம்பு, சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் பைப் எல்லாவற்றையும் கழித்து அளங்க.
3. ஒரு படியின் உயரம், ஆழம். எல்லாப் படிகளும் ஒரே அளவில் இருக்கும் என்று நம்ப வேண்டாம். முதல் படியும் கடைசிப் படியும் பல வீடுகளில் மாறியிருக்கும்.
4. முதல் படிக்கு முன்னாலும் கடைசிப் படிக்குப் பின்னாலும் எவ்வளவு இடம் இருக்கு? ரெயில் கீழ்ப்படியைத் தாண்டிக் கொஞ்சம் நீளும். அங்கே கதவு இருந்தால் இடிக்கும். மடங்கும் ரெயில் உள்ள மாடல்கள் உண்டு. அதற்குக் கூடுதல் பணம்.
5. தலைக்கு மேல் எவ்வளவு இடம்? பரணோ பீமோ தாழ்வாக இருந்தால் குறிச்சு வைங்க.
6. பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும்போது முதுகில் இருந்து முழங்கால் நுனி வரை எவ்வளவு? நாற்காலி படிக்குக் குறுக்காகப் பார்த்தபடி போகும். படி குறுகலாக இருந்தால் முழங்கால் எதிர்ச் சுவரிலோ கம்பியிலோ உரசும்.

மடித்து வைத்த நாற்காலி சுமார் 35 முதல் 40 செ.மீ. இடத்தை எடுத்துக்கொள்ளும். உங்க படி 90 செ.மீ. அகலம் என்றால், மற்றவர்கள் நடக்க 50 செ.மீ. மிச்சம். அரிசி மூட்டையோடு அந்த இடத்தில் ஏற முடியுமா? அவசரத்தில் ஒருவரை ஸ்ட்ரெச்சரில் இறக்க முடியுமா? சாக்பீஸால் படியில் கோடு போட்டு, அந்த இடத்துக்குள் நீங்களே ஒரு முறை ஏறி இறங்கிப் பாருங்க. காகிதத்தில் பார்ப்பதைவிட இது நன்றாகப் புரியும்.

அளந்த பிறகு கீழிருந்து மேலே, மேலிருந்து கீழே, திருப்பம், பக்கவாட்டு என நாலைந்து போட்டோ எடுத்து, அளவுகளையும் எழுதி ஒரே இடத்தில் வைங்க. இரண்டு மூன்று நிறுவனங்களுக்கு ஒரே விவரத்தை அனுப்பினால்தான் விலையை ஒப்பிட முடியும்.

கிரானைட் படியா? வெளிப்படியா?

நம்ம வீடுகளுக்கே உரிய இரண்டு சிக்கல் இவை.

படிகளில் கிரானைட், மார்பிள், டைல்ஸ் பதித்திருந்தால், துளை போடும்போது கல் விரிசல் விட வாய்ப்பு இருக்கு. ஆங்கர் போல்ட் மேலே உள்ள கல்லை மட்டும் பிடித்தால் போதாது. அடியில் இருக்கும் கான்கிரீட் வரை போய்ப் பிடிக்கணும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கல் விளிம்பில் துளை போடவே கூடாது. கல் உடைந்தால் யார் செலவு என்பதை முன்கூட்டியே எழுதி வாங்குங்க. அதே கல் பின்னால் கிடைப்பது கஷ்டம்.

மாடிக்குப் போகும் படி வீட்டுக்கு வெளியே இருந்தால், உள்ளே மாட்டும் மாடலை அங்கே மாட்டக் கூடாது. வெளிப்புறத்துக்கென்றே ஈரம் புகாதபடி செய்த மாடலும் மூடும் உறையும் வேண்டும். ஐப்பசி கார்த்திகை மழையையும் சித்திரை வெயிலையும் அது தாங்கணும். கடலோர ஊர்களில் உப்புக் காற்றில் துருப்பிடிக்கும் வேகம் அதிகம். மேலே ஷீட் போட முடியுமா என்பதையும் சேர்த்து யோசிங்க. நனைந்த படியில் நின்று நாற்காலியில் உட்காருவது எந்தக் கருவி இருந்தாலும் ஆபத்துதான்.

கரண்ட் போனால் என்ன ஆகும்?

எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி இது. இன்று வரும் பெரும்பாலான ஸ்டேர்லிஃப்ட்கள் பேட்டரியில் ஓடுபவை. வீட்டு மின்சாரம் அந்தப் பேட்டரியைச் சார்ஜ் செய்ய மட்டுமே. கரண்ட் போனாலும் சில முறை ஏறி இறங்கலாம். நடுவழியில் தொங்க வேண்டியதில்லை. இதற்குச் சாதாரண பிளக் பாயின்ட் ஒன்று பக்கத்தில் இருந்தால் போதும்.

ஆனால் ஒரு விஷயம். இரவில் படுக்கும் முன் எல்லா ஸ்விட்சையும் அணைத்துவிட்டுப் படுப்பது நம்ம வீட்டுப் பழக்கம். ஸ்டேர்லிஃப்ட் ஸ்விட்சை அப்படி அணைக்கக் கூடாது. நாற்காலி ரெயிலின் முனையில் உள்ள சார்ஜிங் இடத்தில் நிற்கும்போதுதான் பேட்டரி ஏறும். பாதியில் நிறுத்திவிட்டுப் போனாலும், ஸ்விட்சை அணைத்தாலும் பேட்டரி இறங்கிவிடும். ஸ்விட்ச் மேல் ஒரு டேப் ஒட்டி ‘அணைக்காதே’ என்று எழுதி வைங்க.

பேட்டரியைச் சில வருடங்களுக்கு ஒரு முறை மாற்ற வேண்டியிருக்கும். அதன் விலையை இப்போதே கேட்டு வைங்க.

நாற்காலியில் இவை இருக்கா?

* திரும்பும் இருக்கை. மேலே போனதும் நாற்காலி தரைப் பக்கம் திரும்பி, பூட்டிக்கொள்ளணும். படியைப் பார்த்தபடி எழுவதுதான் விழ வைக்கும். கையால் திருப்புவது கஷ்டம் என்றால் மோட்டாரில் திரும்பும் வகை இருக்கு.
* தடை உணர் கருவி. படியில் செருப்போ, பொம்மையோ, பூனையோ இருந்தால் கால் பலகை தொட்டவுடன் நாற்காலி நிற்கணும்.
* இடுப்பு பெல்ட். ஒரு கையால் போட்டுக் கழற்ற முடியணும். புடவை கட்டுபவர்கள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, வேட்டி நுனியைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் கிளம்பணும்.
* மடிக்கும் கால் பலகை. குனியாமல் மடிக்கும் வசதி இருந்தால் நல்லது.
* பூட்டும் சாவி. பேரப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இது கட்டாயம்.
* மேலும் கீழும் ரிமோட். நாற்காலி மாடியில் இருக்கும்போது கீழே இருந்து அழைக்க இதுதான் வழி.

ஒருவேளை இது தேவையில்லாமலும் இருக்கலாம்

பெரிய செலவு என்பதால் இதையும் நேர்மையாக யோசிங்க. கீழே ஒரு அறையும், கைப்பிடி வைத்த வெஸ்டர்ன் டாய்லெட்டும் தயார் செய்ய முடிந்தால், அவங்க தினமும் படி ஏற வேண்டிய அவசியமே இருக்காது. இன்னும் நடக்க முடிகிறவர் என்றால், படியின் இரண்டு பக்கமும் உறுதியான கைப்பிடி, ஒவ்வொரு படி விளிம்பிலும் பளிச்சென்று தெரியும் நிறப் பட்டை, மேலும் கீழும் ஸ்விட்ச் உள்ள நல்ல வெளிச்சம் ஆகியவையே பல வருடங்களுக்குப் போதும்.

ஆனால் ‘கீழே வந்துடுங்க’ என்பதையும் கேட்காமல் முடிவு பண்ணாதீங்க. அவங்களுடைய பூஜை அறை, துளசி மாடம், பக்கத்து மாடி சிநேகிதி எல்லாம் மேலே இருக்கலாம்.

பணம் கொடுக்கும் முன் எழுத்தில் வாங்க வேண்டியவை

நேர் ரெயில் என்றாலே சில லட்சங்கள் ஆகும். வாய்வார்த்தையில் விடக் கூடாத தொகை இது. விலைப்பட்டியலில் கீழே உள்ளவை இருக்கணும்:

* நேரில் வந்து அளந்து போட்ட வரைபடம், ரெயில் எந்தப் பக்கம் வரும், நாற்காலி எங்கே நிற்கும்
* ஜிஎஸ்டி, போக்குவரத்து, மாட்டும் கூலி, மின்வேலை எல்லாம் சேர்த்த மொத்தத் தொகை
* ரெயில், மோட்டார், பேட்டரி, எலக்ட்ரானிக் போர்டு ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வாரண்டி காலம்
* ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்தின் தொகை, வருடத்துக்கு எத்தனை முறை வருவார்கள்
* பழுதானால் எத்தனை மணி நேரத்தில் ஆள் வரும்? அலுவலகம் சென்னையில், உங்க வீடு தென்காசியில் என்றால் இந்தக் கேள்வியை இரண்டு முறை கேளுங்க
* பின்னால் தேவைப்படாமல் போனால் கழற்றி எடுத்துக்கொள்வார்களா, என்ன தொகை தருவார்கள்

பழையது வாங்கலாமா? நேர் படி என்றால், அதே நிறுவனத்தின் ஆட்கள் வந்து ரெயிலைச் சரிபார்த்து மாட்டித் தருவதாக இருந்தால் யோசிக்கலாம். பேட்டரி புதிதாகப் போடச் சொல்லுங்க. வளைவு ரெயிலைப் பழையதாக வாங்காதீங்க.

முழுத் தொகையையும் முன்பணமாகக் கொடுக்காதீங்க. அட்வான்ஸ், பொருள் வந்ததும் ஒரு பகுதி, ஓட்டிக் காட்டிய பிறகு மீதி எனப் பிரித்துக் கொடுங்க. வங்கி வழியாகவே அனுப்பி, ரசீதையும் பில்லையும் பத்திரமாக வைங்க.

‘இதுக்கு அரசு மானியம் இருக்கு சார்’ என்று யாராவது சொன்னால், அரசாணை நகலைக் கேளுங்க. மூத்த குடிமக்களுக்கு இலவச உதவிக் கருவிகள் தரும் மத்திய அரசின் ‘ராஷ்ட்ரிய வயோஸ்ரீ’ திட்டம் 2017-இல் தொடங்கியது. அதில் ஊன்றுகோல், வாக்கர், வீல்சேர், காதொலிக் கருவி, கண்ணாடி, பல்செட் போன்றவை தரப்படுகின்றன. 60 வயது நிறைந்த, வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ள, அல்லது மாத வருமானம் 15,000 ரூபாய்க்கு மேல் போகாத மூத்த குடிமக்களுக்கானது இது. ஸ்டேர்லிஃப்ட் இதில் வராது. ஆனால் தகுதி இருந்தால் வாக்கரோ வீல்சேரோ இதில் பெற முடியும்.

யாரிடம் அனுமதி வாங்கணும்?

வாடகை வீடு என்றால் வீட்டு உரிமையாளரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்க; படியில் துளை போடப் போறீங்க. அடுக்குமாடிக் குடியிருப்பில் பொதுப் படிக்கட்டு எல்லோருக்கும் சொந்தமான பகுதி. சங்கத்தின் எழுத்துபூர்வ ஒப்புதல் இல்லாமல் ரெயில் பதிக்க முடியாது. மற்ற குடும்பங்கள் நடக்கும் அகலமும் அங்கே முக்கியம்.

பெட்டி போல மேலே போகும் லிஃப்ட்டுகள், 1997-ஆம் ஆண்டின் தமிழ்நாடு லிஃப்ட் மற்றும் எஸ்கலேட்டர் சட்டத்தின் கீழ் மின் ஆய்வுத் துறையின் கண்காணிப்பில் வருகின்றன. நீங்கள் வாங்கும் கருவிக்கு என்ன நடைமுறை என்பதை விற்பனையாளரிடம் எழுத்தில் கேட்டு வாங்கி, உங்க பகுதி மின் ஆய்வாளர் அலுவலகத்தில் ஒரு முறை உறுதி செய்துகொள்ளுங்க.

மாட்டும் நாளில் செய்ய வேண்டிய ஐந்து சோதனைகள்

1. ஆள் இல்லாமல் மேலும் கீழும் ஓட்டிப் பாருங்க. சத்தமோ குலுக்கலோ இருக்கா?
2. படியில் ஒரு செருப்பை வைத்து, நாற்காலி நிற்குதான்னு பாருங்க.
3. மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு ஓட்டிக் காட்டச் சொல்லுங்க.
4. நீங்கள் உட்கார்ந்து போய், மேலே இருக்கை திரும்பிப் பூட்டிக்கொள்வதைச் சரிபாருங்க.
5. கடைசியாக, பெரியவரே தன் கையால் ஓட்டட்டும். ஒரு முறை அல்ல, நாலைந்து முறை. மாட்ட வந்தவர்கள் அதுவரை கிளம்ப வேண்டாம்.

மாட்டிய பிறகு ரெயிலில் தூசி படியாமல் துணியால் துடைச்சால் போதும். ‘கிறீச்’ சத்தம் வருதேன்னு தேங்காய் எண்ணெய் ஊற்றாதீங்க. அது தூசியைப் பிடித்து அடைத்துக்கொள்ளும். நிறுவனம் சொல்லும் மசகுதான்.

சிக்கல் வந்தால்

பணம் வாங்கிவிட்டு மாட்டாமல் இழுத்தடித்தாலோ, சொன்ன பொருளுக்குப் பதில் வேறு கொடுத்தாலோ, முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்க. தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை நாடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை. பிரச்சினை எழுந்த நாளில் இருந்து 2 ஆண்டுக்குள் புகார் கொடுக்க வேண்டும்.

மூத்த குடிமக்கள் தொடர்பான எந்த உதவிக்கும், வழிகாட்டலுக்கும் 14567 என்ற இலவச எண் இருக்கு. மருத்துவ ஆலோசனைக்கு 104, அவசரத்துக்கு 108. இந்த நான்கையும் பெரியவங்க போனில் பெயரோடு சேமித்து வைங்க.

எங்கள் வீட்டில் என்ன முடிவெடுத்தோம் என்று சொல்லாமல் முடிக்க முடியாது. அப்பாவும் அத்தையும் செலவைப் பகிர்ந்துகொண்டு வளைவு ரெயில்தான் போட்டோம். வந்து அளந்த பொறியாளரிடம் அப்பாயி சொன்ன பயத்தைச் சொன்னோம். “அப்படின்னா ரெயிலை மேல் படியோட நிறுத்த வேண்டாம், ஹாலுக்குள்ள வளைச்சுக் கொண்டுபோயிடலாம்” என்றார். இப்போது அப்பாயி உட்காருவதும் எழுவதும் ஹாலுக்குள், படி விளிம்பில் இருந்து நாலடி தள்ளி. கீழே பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. எந்தக் கேட்லாகைப் புரட்டியிருந்தாலும் இந்தத் தேவை எங்களுக்குத் தெரிந்திருக்காது.

மாட்டிய வாரம் வெள்ளிக்கிழமை கோயிலுக்குக் கிளம்பினாங்க. லேண்டிங் திரும்பும்போது மட்டும் கைப்பிடியை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டாங்க. கீழே இறங்கியதும் வாடகை வீட்டு அக்காவைப் பார்த்து, “வாசல்ல கோலத்தை இன்னும் கொஞ்சம் பெருசா போடலாம்ல?” என்றாங்க. எட்டு மாசம் கழித்து வாசலைப் பார்த்தவங்க சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

இன்று மாலை டேப் எடுத்து மாடிப்படியை அளக்கப் போவதற்கு முன், உங்க வீட்டுப் பெரியவர் பக்கத்தில் ஐந்து நிமிஷம் உட்காருங்க. எந்தப் படியில், எதற்குப் பயமா இருக்குன்னு கேளுங்க. அந்தப் பதிலை அளவுகளோடு சேர்த்து எழுதி வைங்க.